மாத்திப் போட்டுட்டேன் மிஸ்: பாசிவ் வாய்ஸ் பிடிபட்ட அனுபவங்கள்

கெடிலக்கரை:

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை, பாதிக்கு மேல் தமிழ் மீடியம் பிள்ளைகள். ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றும் பாடத்தை நானும் பல வருடம் எல்லோரையும் போலத்தான் நடத்தினேன். கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டு வா, முன்னால் இருப்பதைக் கடைசிக்கு அனுப்பு, நடுவில் ‘வாஸ்’ போடு, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எழுது, ‘பை’ சேர். பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள். லீவு முடிந்து வந்து கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

போன வருடம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். ‘தி கேட் கில்ட் தி ரேட்’ என்பதை மாற்றச் சொன்னேன். ‘தி ரேட் கில்ட் தி கேட்’ என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

“என்னம்மா இது, எலி பூனையைக் கொன்னுடுச்சா?”

“மாத்திப் போட்டுட்டேன் மிஸ். பூனை எலியைக் கொன்றது, எலியைப் பூனை கொன்றது. ரெண்டும் ஒண்ணுதானே?”

அன்று ராத்திரி வரை அந்தக் கேள்வி மனதிலேயே இருந்தது. தமிழில் அவள் சொன்னது முழுக்கச் சரி. ‘எலியை’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘ஐ’ இருக்கிறதே, எலி வாக்கியத்தில் எங்கே போனாலும் அது கூடவே போகும். முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் செத்தது எலிதான். இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஒரு உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்கிறவர் செய்தவர், பின்னால் நிற்கிறவர் பட்டவர். நிற்கும் இடமே அங்கே வேற்றுமை உருபு. எலியை முன்னால் கொண்டுவந்தால், ‘இது செய்தது இல்லை, இதற்கு நடந்தது’ என்று வினைச்சொல்தான் சொல்லியாக வேண்டும். ‘வாஸ் கில்ட்’ வருவது அதற்காகத்தான். இத்தனை வருடம் நான் சொல்லிக்கொடுத்தது இடம் மாற்றும் வித்தை மட்டும். வினை ஏன் மாறுகிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

மறுநாள் பூனையையும் எலியையும் விட்டுவிட்டு அவள் வீட்டு வலையை எடுத்துக்கொண்டேன்.

“காத்துல வலை என்ன ஆகும்?”

“கிழிஞ்சிடும் மிஸ்.”

“யார் கிழிச்சது?”

“யாரும் கிழிக்கல, தானா கிழிஞ்சது.”

“சரி, கரையில காயப்போட்டிருந்த வலை மேல வண்டி ஏறிடுச்சு. அப்போ வீட்டுல என்ன சொல்வாங்க?”

“வலையைக் கிழிச்சிட்டாங்கன்னு சொல்வாங்க.”

“யாரு?”

“யாரோ. தெரியாது மிஸ்.”

அந்த ‘கிழிச்சிட்டாங்க’தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. ‘கிழிக்கப்பட்டது’ என்று எந்த மீனவர் வீட்டிலும் பேச மாட்டார்கள், என் வீட்டிலும் பேச மாட்டோம். ‘ரோடு போட்டுட்டாங்க’, ‘கரன்ட்டை நிறுத்திட்டாங்க’, ‘செருப்பைத் திருடிட்டாங்க’ என்போம். அந்த ‘ஆங்க’ யார் என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவரும் கேட்பதில்லை. இங்கிலீஷ்காரர் பாசிவ் வாய்ஸைத் தேடிப் போவது இதே இடத்தில்தான். ‘தி நெட் ஹேஸ் பீன் டோர்ன்’. ‘பை’ எதுவும் வேண்டாம். தானாகக் கிழிந்தது என்றால் ‘தி நெட் டோர்’. நமக்குக் கிழிந்தது, கிழித்தது என்று இரண்டு வினை இருப்பதால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்குகிறது. உடைந்தது, உடைத்தது போட்டால் இன்னும் சுலபம்.

இப்போது நான் ‘யாரோ’ வாக்கியங்களில்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். ‘பை’ கடைசி நாளில் வரும்.

‘அப்பா கடலுக்குப் போனார்’ என்பதையும் அவள் மாற்றப் பார்த்தாள். எதை, யாரை என்று கேட்டுப் பார், பதில் வராவிட்டால் மாற்ற முடியாது என்றேன். ‘கடலுக்கு’ என்றுதான் வருகிறது, ‘கடலை’ என்று வரவில்லை. இந்தச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்கும், எப்போதும் அல்ல. ‘அவன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது, ஆனால் இங்கிலீஷில் ‘ரிசெம்பிள்’ பாசிவுக்குப் போகாது. ‘ஹேவ்’ என்பதும் வைத்திருக்கிறான் என்ற பொருளில் போகாது. இவற்றைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு இது எப்போது, எங்கே பிடிபட்டது? எழுதுங்கள், என் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, நீங்கள் சொல்லும் ‘ஆங்க’ தவிர இன்னொன்றும் நம்மிடம் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் வினையியலில் ஒப்புக்கொள்கிறது. உரையில் வரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளுமா? மெழுகியவரைச் சொல்லாமலே திண்ணையை முன்னால் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ‘ஃபீஸ் கட்டியாச்சு’ என்கிறோமே, அதுவும் கட்டியது யார் என்று சொல்வதில்லை. பிள்ளைகள் ‘படு’ என்ற விகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் பாசிவ் வாய்ஸ் வேற்று ஊர்ச் சரக்காகத் தெரிகிறது.

முத்தியால்பேட்டை:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிடிபட்டது ஒரு கடிதத்தில்.

அம்மாவுக்கு உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தோம். நாலு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிஜெக்டட்’. யார் நிராகரித்தார், எதற்காக என்று ஒன்றும் இல்லை. நேரில் போனேன். முதல் மேஜையில் “நாங்க பண்ணல சார், மேல போச்சு” என்றார்கள். மேலே போனால் “கீழேயிருந்தே அப்படித்தான் வந்துச்சு” என்றார்கள். அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, “எதுக்குன்னு சொன்னாங்களாப்பா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான், பள்ளிக்கூடத்தில் படித்த ‘பை’ இதில் இல்லை என்று உறைத்தது. வாக்கியம் இலக்கணப்படி முழுசு. ஆனால் அதற்குள் ஆளே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் கேட்டது, என் அம்மாவின் விண்ணப்பத்தை எந்தப் பதவியில் உள்ளவர், எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் நிராகரித்தார் என்பதுதான். பதவியும் தேதியும் போட்டுப் பதில் வந்தது. வயதுச் சான்றின் பின்பக்க நகலை நாங்கள் வைக்கவில்லையாம். வைத்துக் கொடுத்தோம், இப்போது பணம் வருகிறது.

மிஸ், உங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு பயிற்சியும் கொடுங்கள். பாசிவில் ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் அதை ஆக்டிவாகத் திருப்பச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்கவில்லை என்றால், அது யார் என்று கேட்கப் பழகட்டும்.

சிப்காட் ஷிப்ட்:

முத்தியால்பேட்டை நண்பர் பட்ட அலைச்சல் புரிகிறது. ஆனாலும் பாசிவுக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆசை.

நான் தமிழ் மீடியம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் ‘20 மி.லி. கரைசல் பிப்பெட்டால் எடுக்கப்பட்டு, கூம்புக் குடுவையில் ஊற்றப்படுகிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதியவன். அது செயப்பாட்டுவினை என்று அப்போது தோன்றவே இல்லை, ரெக்கார்டு பாஷை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடலூரில் ஒரு தொழிற்சாலை லேபில் சேர்ந்த முதல் வாரம், லாக் புக்கில் ‘ஐ டுக் தி சாம்பிள்’ என்று எழுதினேன். சீனியர் அண்ணன் பார்த்துவிட்டு, “தம்பி, நீ எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன? சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த டேங்க்ல எடுத்தது, அதை முன்னாடி சொல்லு” என்றார். ‘சாம்பிள் வாஸ் டேக்கன்’ என்று மாற்றினேன். அடுத்த ஷிப்டில் வருகிறவர் முதலில் தேடுவது சாம்பிளைத்தான், என்னை அல்ல.

ஒன்று மட்டும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் இருக்கிறது. வாக்கியத்தில் விட்டுப்போன ஆள் அங்கே நிற்கிறார். அந்தக் கடிதத்தில் இல்லாமல் போனது அதுதான்.

உப்பளம்:

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் ஆசைக்காக நான் பிரெஞ்சு படித்தேன். அதில் ‘ஓன்’ என்று ஒரு சொல் உண்டு. யாரோ, ஆட்கள், நாம், எல்லாவற்றுக்கும் அதுவே வரும். இங்கிலீஷில் ‘ஃபிரெஞ்ச் இஸ் ஸ்போக்கன் ஹியர்’ என்று எழுதும் இடத்தில் பிரெஞ்சில் ‘இஸி ஓன் பார்ல் ஃப்ரான்ஸே’ என்பார்கள். ‘இங்கே பிரெஞ்சு பேசுவாங்க’. கெடிலக்கரை மிஸ் சொன்ன அதே ‘ஆங்க’! பிரெஞ்சிலும் பாசிவ் உண்டு, ஆனால் பேச்சில் ‘ஓன்’தான் முந்திக்கொள்ளும். இதைப் படித்த அன்று எனக்குத் தமிழும் பிரெஞ்சும் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது.

இன்னொன்று. 1758இல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் எங்கள் புதுச்சேரியைப் பிடித்து அதேபோல இடித்தார்கள். நான் எழுதினால் ‘பாண்டிச்சேரி வாஸ் கேப்சர்ட்’ என்றுதான் கை போகும். யார் பிடித்தார்கள் என்பது பிறகு, முதலில் என் ஊர். நீங்கள் எழுதினால் உங்கள் கோட்டை முதலில் வரும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. உப்பளத்தார் சொன்னதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு அந்தக் கோட்டை இடிபாடு வீட்டுக்குப் பக்கம். 1690இல் மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அந்தக் குண்டின் பெயரைத் தாங்கிய குண்டு சாலை வழியாகத் தினமும் வருகிற பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று கேட்டேன். ‘அவர் வில்லேஜ் வாஸ் டேக்கன்’ (எங்க ஊரை எடுத்துக்கிட்டாங்க) என்று மூன்று பேர் எழுதினார்கள். ஒருவரும் ‘பை’ போடவில்லை. நான் சொல்லாமலே.

வலைப் பெண் அன்று வீட்டுப்பாடமாக இரண்டே வாக்கியம் எழுதி வந்திருந்தாள். ‘தி நெட் வாஸ் டோர்ன். மை ஃபாதர் மெண்டட் இட்.’

“ரெண்டாவதை ஏம்மா மாத்தல?” என்று கேட்டேன்.

“அதைத் தைச்சது யாருன்னு தெரியுமே மிஸ்” என்றாள்.