ஐப்பசி, கார்த்திகையில் செட்டிநாட்டுக் குன்றுகளில் நடக்கலாமா?

தேவகோட்டையான்:
இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, கடந்த சித்திரையில் ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே அக்டோபர் பிறந்துவிட்டால், ஸ்டேனேஜ் எட்ஜ் என்னும் நீண்ட மணற்பாறை விளிம்பின்மேல் காற்று முகத்தில் அறைய நடந்து, பிறகு இலை பழுத்து உதிரும் மரங்களுக்கிடையே இறங்கி, ஹேதர்சேஜ் ஊரில் தேநீர் குடித்துவிட்டு ரயிலேறுவது எங்கள் வழக்கம். அதைப் போலப் பாறை முகடும் காடும் சேர்ந்தமைந்த நடைவழி காரைக்குடிப் பக்கம் உண்டா? ஐப்பசி, கார்த்திகையில் போகலாமா, தை பிறக்கும்வரை பொறுக்க வேண்டுமா? எனக்கு வயது 58. முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது.

பறம்படியான்:
ஐயா, தை வரை பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழுத்த இலையைத் தேடி வராதீர்கள். அங்கே பகற்பொழுது சுருங்கிக் குளிர் ஏறுவதால் மரங்கள் இலையை உதிர்க்கின்றன. நம் பக்கத்து மரங்களோ நீர் வற்றும் மாசி, பங்குனியில்தான் உதிர்க்கின்றன. ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்றார்கள். கோடை முழுதும் செம்மண்ணாகக் கிடந்த பொட்டல்கூட அப்போது பச்சையாகிவிடும், வேலியோரங்களில் செங்காந்தள் கொடியேறிப் பூத்திருக்கும்.

தாங்கள் கேட்கும் இரண்டும் சேர்ந்த இடம், என் கணக்கில், சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலைதான். பாரி ஆண்ட பறம்பு அதுவே என்பார்கள். ஏறத்தாழ 2,500 அடி உயரம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் தர்காவும் இருப்பதால், தலைமுறை தலைமுறையாக மனிதர் மிதித்த பாதை இருக்கிறது. கீழே புதர்க்காடு, மேலே போகப் போக வெறும் பாறை.

கவனிக்க வேண்டியது அந்தப் பாறையைத்தான். தங்கள் மணற்பாறை சொரசொரப்பானது. நம்முடைய கருங்கல்லோ பல காலடி பட்டு வழவழத்துப் போனது. பாறைச் சரிவில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மழைநீர் வழியும் தடங்கள். காய்ந்திருக்கும்போது அவற்றின்மேல் தயங்காமல் நடக்கலாம், நனைந்துவிட்டாலோ எண்ணெய் தடவியது போல வழுக்கும். நான் ஒரு முறை இதைப் பொருட்படுத்தாமல் காலை வைத்து, மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் தீபாவளி கொண்டாடினேன். அடைமழை இடையிடையே ஓயும்; அப்படி ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, விடியற்காலையில் ஏறி, உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிடுங்கள். அந்த மாதங்களில் பிற்பகலில்தான் பெரும்பாலும் இடி முழங்கும். முகட்டில் ஒதுங்க மரம் கிடையாது, இருந்தாலும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

திருப்புத்தூர் ஆசிரியை:
பிரான்மலைக்குப் போகும் வழியில் திருப்புத்தூரைக் கடப்பீர்கள். சற்று நேரம் ஒதுக்கி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். கார்த்திகையில் கண்மாய்க் கரைமேல் நடப்பது முழங்காலுக்கும் நல்லது. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஆகவே அங்கே உரக்கப் பேசுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கண்மாய்க்கரை:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் தனியார் நிலத்தின் ஊடாகவும் பொதுப்பாதைகள் சட்டப்படி உண்டு, இங்கே அப்படியில்லை. காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. கோயிற்காடாக இருந்தால் ஊர்ப் பெரியவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவதே முறை. சில காடுகளுக்குள் செருப்புடன் விடமாட்டார்கள். மற்ற இடங்களில் கணுக்கால் மூடும் காலணி அவசியம். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பாறை இடுக்குகளில் விரியனும் இருக்கும், கையை விடாதீர்கள்.

தேவகோட்டையான்:
அனைவருக்கும் நன்றி. மழை ஓய்ந்ததும் பிரான்மலைக்குப் போகிறேன். அதற்கு முன் ஒரு சிறிய குன்றில் காலைப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குன்றக்குடி போதுமா?

பறம்படியான்:
குன்றக்குடியில் படிக்கட்டு இருப்பதால் மூச்சுக்குப் பயிற்சியாகும், பாதத்துக்கு ஆகாது. திருமயம் கோட்டைக்குப் போங்கள். அங்கே உச்சிக்கு வெறும் பாறையிலேயே ஏற வேண்டும். பிரான்மலைக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். சுனைநீரை நம்ப வேண்டாம்.