குடியை விட்டவனை நம் சந்தேகம் ஏன் விடுவதில்லை?

காசிமேடு அக்கா:
என் தம்பி குடியை நிறுத்திப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். அந்த வெளிச்சத்தில் கண் சிவந்து அவன் வீடு திரும்பினால், குழாயடியில் நிற்பவர்கள் "இன்னைக்கும் ஏத்திக்கிட்டு வர்றான்" என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரின் கண் சிவந்திருந்தால் மட்டும் அவருக்கு நைட் ஷிப்ட் என்று அவர்களே காரணம் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வாரம் அவன் பேசிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமலே அருகில் சென்று அவன் மூச்சை முகர்ந்தேன். கவனித்துவிட்டான், பேச்சை நிறுத்திவிட்டான். குடி ஒரு நோய் என்று ஊரோடு வாதாடும் எனக்குள்ளேயே இது எப்படி ஒளிந்திருந்தது?

தண்டையார்பேட்டை செவிலியர்:
சகோதரி, படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. கெல்லி, வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மனநலத் துறையில் பணியாற்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு ஒரே மனிதரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்து, சிலருக்கு அவரைப் 'போதையைத் தவறாகப் பயன்படுத்துபவர்' என்றும் மற்றவர்களுக்குப் 'போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்' என்றும் எழுதியிருந்தார்கள். முதல் சொல்லைப் படித்தவர்களே அவர்மீது பழி சுமத்தவும் தண்டனையை நாடவும் கூடுதலாகச் சாய்ந்தார்கள். 'குடிகாரன்', 'குடிநோயாளி' என்ற நம் சொற்களுக்கு இடையிலும் அதே தூரம் இருக்கிறது. வயிற்றுவலியுடன் வந்த ஒருவரை, கேஸ் ஷீட்டில் குடிப்பழக்கம் என்று எழுதியிருந்ததால், நானே கடைசியாகக் கவனித்திருக்கிறேன். அன்று கூட்டம் அதிகம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புளியந்தோப்பு இல்லத்தரசி:
எல்லாச் சந்தேகத்தையும் மனச்சாய்வு என்று தள்ளிவிட முடியாது. என் கணவர் மூன்று முறை நிறுத்தி, மூன்று முறையும் திரும்பக் குடித்தார். தாலிச்சங்கிலி அடகுக்கடைக்குப் போனதை நான் மறக்க வேண்டுமா? குழாயடியின் சந்தேகத்தையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து, நிறுத்தி ஆறு ஆண்டுகள்:
அம்மா சொல்வது நியாயம். திரும்பக் குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நேர்வதுதான். ஆனால் ரத்தக்கொதிப்புக்காரர் மாத்திரையை விட்டுப் படுத்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள், எங்களில் ஒருவர் சறுக்கினால் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள். மருத்துவர் எனக்கு டைசல்ஃபிரம் எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிடும் நாட்களில் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து உடல் ஆபத்துக்குள்ளாகும் என்பதால், தெரிந்தே சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் காலையில் மனைவியின் முன் அதை விழுங்குவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அதன்பின் அவர் என்னை முகர்ந்து பார்க்கவில்லை. ஒளிந்து சோதித்தபோது பட்ட சூடு, ஒப்புக்கொண்டு சோதித்தபோது இல்லை. வெளியுலகம் வேறு கதை: வேலை கேட்டுப் போன இடங்களில் "வியாசர்பாடியா?" என்ற கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது, பழைய குடியும் தெரிந்தால் மீதியும் கிடைத்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் வரையறைக்குள் வைத்திருக்கிறது என்பதை அந்த வாசல்களில் யாரிடம் போய்ச் சொல்வது?

காசிமேடு அக்கா:
அனைவருக்கும் நன்றி. முகர்ந்து பார்த்ததை நேற்றிரவு தம்பியிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும்க்கா" என்றான். சற்று நேரம் கழித்து, புது வெல்டிங் கண்ணாடி வாங்க முந்நூறு ரூபாய் கேட்டான். பணம் என்றதும் என் மனம் முதலில் எந்தக் கடைக்குப் போனது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.