1,000 டாலர் அனுப்பினால் 972 டாலர் சேர்வது ஏன்?

கேள்வி:
வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு, அவர் செய்து தந்த பணிக்கான ஊதியமாக 1,000 டாலரை இணைய வங்கிச் சேவை வழியே அனுப்பினேன். என் வங்கி தன் கட்டணத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அவர் கணக்கில் 972 டாலர்தான் வரவாகியிருக்கிறது. இரு வங்கிகளுமே தாங்கள் கழிக்கவில்லை என்கின்றன. அடுத்த தவணையை முழுமையாகச் சேர்ப்பிக்க வழி உண்டா?

மறுமொழி 1:
இரு வங்கிகளும் உண்மையே சொல்லியிருக்கக்கூடும். 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட, வங்கிகளுக்கு இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்பு எடுத்துச் செல்வது செலுத்தாணையை மட்டுமே. பணமோ, வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில் பற்றும் வரவுமாகத்தான் நகர்கிறது. உங்கள் வங்கிக்கும் அவருடைய வங்கிக்கும் இடையே அத்தகைய நேரடிக் கணக்கு இல்லையெனில், இரண்டுக்கும் பொதுவான இடைநிலை வங்கி ஒன்று, சில வேளைகளில் இரண்டு, நடுவில் வந்து, தன் கட்டணத்தைக் கடந்து செல்லும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படிவத்தில் கட்டணப் பொறுப்பு 'எஸ்.எச்.ஏ.' (SHA, கட்டணத்தை இருவரும் பகிர்வது) என்று இருந்ததா எனப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆம், அதுவே முன்கூட்டித் தெரிவாகியிருந்தது, நான் மாற்றவில்லை.

மறுமொழி 1:
அப்படியானால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுடையது, வழியில் வரும் மற்றவை பெறுநருடையவை. 'ஓ.யு.ஆர்.' (OUR) என்பதைத் தேர்ந்தால் அனைத்தும் உங்கள் பொறுப்பாகும். (எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்தால் தமிழ்ச் சொல்லான 'அவர்' போல ஒலிக்கும் இது, அனுப்புகிறவரைக் குறிப்பது ஒரு வேடிக்கை.)

மறுமொழி 2:
ஒரு திருத்தம்: 'ஓ.யு.ஆர்.' எப்போதும் முழுத் தொகைக்கு உறுதி ஆகாது. பெறும் வங்கி தன் வாடிக்கையாளரிடம் வரவுக் கட்டணம் வசூலிப்பதை அது தடுக்காமல் போகலாம். முதலில் உங்கள் வங்கியிடம் இந்த அனுப்புகையின் யு.இ.டி.ஆர். எண்ணைக் கேளுங்கள். இடைக்கோடுகளுடன் சேர்த்து 36 எழுத்துக்குறிகள் கொண்ட அந்த அடையாளம் வழி நெடுகிலும் மாறாதது. அதைக் கொண்டு எந்த வங்கி எவ்வளவு கழித்தது என்பதைப் பெரும்பாலும் கண்டறிந்துவிடலாம். அவருடைய கணக்கு டாலரில் இல்லையெனில், மாற்று விகிதத்தில் மறைந்திருக்கும் இலாபம் இந்த 28 டாலரை விடப் பெரிதாகவும் இருக்கலாம்; அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடாமல் கட்டணத்தை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு.

கேட்டவர்:
அவருடையது டாலர் கணக்குதான். எண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.