புதுப்பிப்பு: தொட்டியில் சிவப்புத் தட்டைப்புழு

கடல்நீர்த் தொட்டியில் பவளத்தின் மேல் துரு நிறத்தில் தட்டைப்புழுக்கள் அப்பிக் கிடக்கின்றன, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

உடனே மருந்து ஊற்றாதது நல்லதாகப் போயிற்று. இவை மொத்தமாகச் செத்தால் கசியும் நஞ்சு மீன்களையே கொன்றுவிடும். அதனால் மூன்று வாரம், விளக்கு எரியும்போது ஒளி தேடி மேலே வருபவற்றை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தேன். அரிசியளவு உடம்பு, வாலில் மூன்று சிறு மடல்கள். அப்புறம்தான் மருந்து. மிச்சமிருந்தவை சுருண்டு மிதந்தன. அவற்றையும் எடுத்து, கால்வாசித் தண்ணீர் மாற்றி, நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் கரியான கார்பனைப் புதிதாகப் போட்டேன்.

ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு முறை ஊற்றுவேன். கோமாளி மீன்கள் இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. உறிஞ்சி எடுக்கச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி.