மார்வின் கே எல்பி (வினைல் இசைத்தட்டு): முதல் பக்கக் கடைசிப் பாட்டு மட்டும் பிசிறுது, உதவுங்க

அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயோட 1971 ஆல்பம் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, டாம்லா லேபிள். மூணு வாரம் முன்னாடி இங்க டெட்ராய்ட்ல பழைய ரெக்கார்டு கடையில வாங்கினேன். முதல் பக்கத்து ஆறு பாட்டும் இடைவெளியே இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையும். அதுக்காகவே எல்பியாத் தேடினேன். ஆனா ஆறாவது, ‘மெர்சி மெர்சி மீ’ல, சாக்ஸபோன் ஏறும்போது கரகரன்னு பிசிறுது. குரல்ல ‘ஸ’ வர்ற இடமெல்லாம் சீறுது. மனசே ஆறல.

என்னோடது பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (பெல்ட்டால சுத்துற ரெக்கார்டு பிளேயர்), கோனிகல் ஊசி (உருண்டை முனை). தட்டை டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை கழுவியாச்சு. ஊசியும் புதுசு. ஊசி தட்டை அழுத்துற எடை 2 கிராம், ஆன்ட்டி ஸ்கேட்டிங்கும் (ஊசிக் கை உள்பக்கம் இழுபடாம தடுக்கிற அமைப்பு) 2. ஊசி சரியான கோணத்துல இருக்கான்னு அலைன்மென்ட் தாள் வெச்சும் பார்த்தேன். ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு சுத்தமா இருக்கு, மத்த தட்டுகளும் அப்படித்தான்.

எலிப்டிகல் ஊசி (நீள்வட்ட முனை) போட்டா இது தீருமா, இல்ல அந்த இடத்துல தட்டே தேஞ்சு போச்சா?