29 வயதாகிவிட்டது, எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை

மூணாவது_ஷிஃப்ட்:
டிப்ளமோ முடித்துவிட்டு திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வீட்டில் பெண் பார்க்கிறார்கள், குறையென்று ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை உருட்டிக்கொண்டு நிற்கும்போது, இந்தப் பெட்டிகளுக்குக்கூட எந்தத் துறைமுகம் என்று சீட்டு இருக்கிறது, நமக்கு இல்லையே என்று தோன்றும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன்.

கட்டம்போட்ட_சட்டை:
பிடித்ததைத் தேடு தம்பி, அவ்வளவுதான். நம்ம வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கியது, 17 வயதில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். நீ 29இல் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

ராயபுரத்து_அக்கா:
அதென்ன பேச்சு? அந்தப் பெண்ணுக்கு அப்பாவே பயிற்சியாளர். நம்ம ஏரியாவில் கேரம் கிளப் இல்லாத தெரு எது? போர்டு இருந்த இடத்தில் கை போனது. பிடித்தது எதுவென்று முதலில் தெரியட்டும், அப்புறம் இறங்கலாம் என்று நிற்கிறவன் கரையிலேயே நிற்பான். காசிமேட்டில் என் அண்ணன் விசைப்படகில் போகிறார், கடல் பிடிக்குமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம் வந்தால் வீட்டில் அவர் படுகிற தவிப்பைப் பார்க்கணும்.

கட்டம்போட்ட_சட்டை:
பழகினதெல்லாம் நோக்கமாகிவிடுமா அக்கா? என் தாத்தா பின்னி மில்காரர். 1996இல் மூடினார்கள். அதற்கப்புறமும் விடியற்காலை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவார், போக இடம் கிடையாது. வேலையையே எல்லாமென்று நம்பினதற்குக் கிடைத்தது அது. தம்பியிடம் கடுமையாகப் பேசியதும் அதனால்தான்.

ராயபுரத்து_அக்கா:
சரி, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மில் என்றால் தறி மட்டுமா? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கமே அந்த மில் ஆட்களை வைத்து எழுந்ததுதானே. சங்கம், டீக்கடை, கூடவே நடந்து வந்த நாலு பேர், எல்லாம் சேர்ந்து போயிருக்கும். அவர் தேடியது வேலையையா, அந்த ஆட்களையா என்று கேட்டீர்களா?

கட்டம்போட்ட_சட்டை:
கேட்கவில்லை, சின்னப் பையன் நான். ஒரு கூட்டாளி மட்டும் மாதம் ஒருமுறை பெரம்பூரிலிருந்து பார்க்க வருவார், அன்றைக்குத்தான் தாத்தா முகச்சவரம் செய்துகொள்வார். இதை வைத்து ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பிடிக்காத வேலைக்கு நாலு கூட்டாளி இருந்தால் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மூணாவது_ஷிஃப்ட்:
அண்ணா, அக்கா, எனக்காகச் சண்டை வேண்டாம். யார்டில் யாரோடும் எனக்குப் பேச்சே கிடையாது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்ணிவிட்டு வந்துவிடுவேன், அது இப்போதுதான் உறைக்கிறது. பத்தாவது வரைக்கும் தெருமுனை கிளப்பில் ஆடியவன்தான் நானும். ஸ்ட்ரைக்கர் பீரோவில் எங்கேயோ கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தேடணும்.

கட்டம்போட்ட_சட்டை:
போர்டுக்குப் பவுடர் வாங்கிக்கொண்டு போ. வெறுங்கையோடு போனால் உட்கார விடமாட்டானுங்க.