டூவெலுக்கு டூவெல் கோப்பைதான் வேண்டுமா?

பார்லிப்பித்தன்

நேற்று இங்கே, நம் பீர் விமர்சனத் தளத்தில், ஒருவர் டூவெல் என்ற பெல்ஜிய பீருக்கு விமர்சனம் போட்டிருந்தார். ஐந்துக்கு இரண்டரை. "நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது, வாசனையும் பெரிதாக இல்லை" என்று குறை. எதில் ஊற்றினீர்கள் என்று கேட்டால், வீட்டில் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளராம். இந்த மாதிரி விமர்சனத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

வயிறு பெருத்து வாய் குறுகிய அந்த டூவெல் கோப்பையை யாரும் சும்மா அழகுக்காகச் செய்யவில்லை. 33 சென்டிலிட்டர் பாட்டிலை முழுசாக ஊற்றினாலும், பொங்கி வரும் நுரையும் சேர்ந்து உள்ளே அடங்கவேண்டும் என்று 1960களின் பிற்பகுதியில் கணக்குப் போட்டுச் செய்தது அது. அடியில் அவர்கள் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருப்பார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் குமிழ்கள் பிறந்து, கடைசி வாய் வரைக்கும் சரம் சரமாக மேலே ஏறும், நுரையும் கலையாமல் நிற்கும். டம்ளரில் ஊற்றினால் பாதி பாட்டிலிலேயே தங்கும், ஊற்றியதிலும் கொஞ்சம் மேசையில் வழியும். அவர் எதற்கு மதிப்பெண் போட்டார், பீருக்கா மேசைக்கா?

ஆகவே என் முன்மொழிவு: எந்த பீரோ அந்தக் கம்பெனிக் கோப்பையில் ஊற்றியிருந்தால்தான் விமர்சனம் செல்லும்.

வெறுங்கோப்பை

பித்தரே, நீங்கள் சொன்னதில் வயிறு, வாய், கொள்ளளவு, அடிச் சொரசொரப்பு எல்லாம் வந்துவிட்டது. பக்கவாட்டில் அச்சடித்த கம்பெனிப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லவில்லையே? அதே வடிவத்தில் பெயர் இல்லாத கோப்பை ஒன்றில் டூவெல் ஊற்றினால் நுரை கோபித்துக்கொண்டு இறங்கிவிடுமா?

அதே பெல்ஜியத்தில் க்வாக் என்று ஒரு பீர் இருக்கிறது, போஸ்டீல்ஸ் ஆலை. கோப்பையின் அடி உருண்டை, தானாக நிற்காது, மரச்சட்டத்தில் மாட்டித்தான் தருவார்கள். நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டிக்காரர்கள் வண்டியில் தொங்கவிட்டுக் குடித்த கோப்பை என்று கதை சொல்வார்கள். கதை பழசு, பீர் கடைக்கு வந்ததோ 1980களில். கெண்ட் நகரில் டுல்லே க்ரீட் என்ற மதுக்கூடத்தில் இந்தக் கோப்பையின் 1.2 லிட்டர் பெரிய வடிவம் உண்டு. அதைக் கேட்டால் முதலில் உங்கள் ஒரு கால் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கூடையில் போட்டுக் கயிறு கட்டிக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால்தான் செருப்பு இறங்கும். பீரைவிடக் கோப்பைக்குத்தான் அங்கே மவுசு. அதை நான் குறை சொல்லவில்லை, நல்ல வியாபாரம். சுவைக்கான அளவுகோலாக மட்டும் கொண்டுவராதீர்கள்.

கெண்ட்காரன்

அந்தச் செருப்புக்கூடை உண்மைதான், அந்த ஊர்க்காரன் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன். ஒற்றைச் செருப்போடு கழிப்பறைக்குப் போய்வருகிறவர்களைப் பார்ப்பதே தனி வேடிக்கை.

இங்கே ஒரு சாதாரண கஃபேயில் நடப்பதைச் சொல்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கோப்பைகள். பரிசாரகர் உங்கள் பீருக்கானதை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஈரத்தோடேயே சாய்த்துப் பிடித்து ஊற்றுவார். பெயர் அச்சடித்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி, கோப்பைக்கு அடியில் போடும் அட்டையின் மேல் வைப்பார். அந்தக் கோப்பை கைவசம் இல்லையென்றால் "வேறு கோப்பை பரவாயில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. மரியாதைக்காகக் கேட்கிறார்கள். சுவை கெட்டுவிடும் என்ற பயத்தில் கேட்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் ஓர்வல், பெல்ஜியத்தில் ஒரு துறவிகள் மடத்தில் காய்ச்சும் பீர். அந்த மடத்துக்குப் புதுக் கட்டடம் வரைந்த ஹென்றி வாஸ் என்ற கட்டடக் கலைஞர்தான் 1930களில் அதன் கோப்பையையும் வரைந்தார். தடித்த காம்பு, அகன்ற வாய், பார்க்கவே கம்பீரம். ஆனால் வாசனையைப் பிடித்து வைக்கக் குறுகிய வாய் வேண்டும் என்றால், இந்த அகன்ற வாய் அதற்கு நேர் எதிர். மூக்கைக் கேட்டு வரைந்ததாகத் தெரியவில்லை, கண்ணைக் கேட்டு வரைந்தது.

பார்லிப்பித்தன்

ஓர்வல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அகன்ற வாய் என்றால் அகன்ற நுரை. அந்தக் குமிழ்கள் உடையும்போதுதான், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை மேலே வருகிறது. வாசனையைப் பூட்டி வைப்பது ஒரு வழி, பரப்பி விடுவது இன்னொரு வழி.

அமெரிக்காவையும் பாருங்கள். சாமுவேல் ஆடம்ஸ் பிராண்ட் 2007இல் தன் பாஸ்டன் லாகர் பீருக்கென்றே ஒரு கோப்பை கொண்டுவந்தது. அடியில் லேசரில் பொறித்த வளையம், விளிம்பு கொஞ்சம் வெளியே விரிந்திருக்கும். 2013இல் ஷ்பீகலாவ் என்ற கண்ணாடிக் கம்பெனியின் ஐபிஏ கோப்பை வந்தது; ஐபிஏ என்றால் ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை. டாக்ஃபிஷ் ஹெட், சியரா நெவாடா இரண்டு ஆலைக்காரர்களும் கண்ணாடிக் கம்பெனியோடு உட்கார்ந்து, பல வடிவங்களில் ஊற்றிக் குடித்துப் பார்த்துத்தான் அந்தக் கோப்பையைத் தேர்ந்தெடுத்தார்கள். பீர் காய்ச்சுகிறவனுக்கே அக்கறை இருக்கும்போது குடிக்கிறவனுக்கு இருக்கக்கூடாதா?

ஃபில்டர் காபியை டபரா டம்ளர் இல்லாமல் குடித்துவிட்டு நுரை இல்லை என்று புலம்புகிறவரை நாம் என்ன சொல்வோம்?

வெறுங்கோப்பை

காபி கெட்டியான வாதம்தான். ஆனால் எந்த டபராவிலாவது காபித்தூள் கம்பெனியின் பெயர் இருந்தால்தான் ஆற்றுவேன் என்று யாராவது அடம்பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஷ்பீகலாவ் என் பக்கத்துச் சாட்சி. போட்டி போடும் இரண்டு ஆலைகள் சேர்ந்து ஒரே வடிவத்துக்குச் சரி என்றன. அப்படியானால் வேண்டியது வடிவம், பெயர் அல்ல. இத்தாலியின் டெக்கு கோப்பையும் அப்படித்தான். பலாடின் ஆலையின் டியோ மூஸோவும் குவாஸ்கா என்று அழைக்கப்படும் பீர் ரசிகரும் சேர்ந்து வடிவமைத்தது. எந்த பீரையும் ஊற்றிச் சோதிக்கலாம் என்பதுதான் நோக்கம்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன், அதுதானே தகராறு. 1964இல் அலிசன், ஊல் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியிட்டார்கள். லேபிளை எடுத்துவிட்டு பீர் கொடுத்தபோது, குடித்தவர்களால் பொதுவாகத் தங்கள் பிராண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மதிப்பெண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மதிப்பெண் ஏறியது. 2006இல் லீ, ஃப்ரெடரிக், ஏரியலி மூவரும் பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். வினிகர் இருப்பது முன்கூட்டியே தெரிந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் கொடுத்தால் பலருக்குப் பிடித்தது. குடித்து முடித்த பிறகு சொன்னாலும் அந்தப் பிடித்தம் பெரிதாகக் குறையவில்லை. காதில் முன்னால் விழுந்தது நாக்கை மாற்றுகிறது என்றால், கையில் பிடித்திருக்கும் கோப்பையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் மாற்றாதா? உங்கள் விதிப்படி போனால் எல்லா விமர்சனமும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதாகிவிடும்.

பிஜேசிபி என்று பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு இருக்கிறது; அதன் போட்டிகளில் நடுவர்களுக்கு யார் காய்ச்சிய பீர் என்றே தெரியாது. பெரும்பாலும் தெளிவான பிளாஸ்டிக் குவளைதான். மொத்தம் 50 மதிப்பெண்: சுவைக்கு 20, வாசனைக்கு 12, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10, வாயில் படும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு வெறும் 3. நீங்கள் சண்டை போடுவது அந்த மூன்றுக்காக.

மால்ட்மங்கை

பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் பீர் ஊற்றுவது என் வேலை. மேலே இவ்வளவு நீளமாக எழுதிய ஒருவராவது அந்த டம்ளர் எதில் கழுவப்பட்டது என்று கேட்டீர்களா?

நுரை என்பது பார்லியிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் கைகோத்துக் கட்டுகிற வலை. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ துளி இருந்தாலும் அந்த வலை அறுந்துவிடும். குழம்புப் பாத்திரம் தேய்த்த அதே நாரில் டம்ளரையும் தேய்த்தால் டூவெல் என்ன, எந்த பீரும் நுரை நிற்காது. டூவெல் கோப்பையை அப்படிக் கழுவினாலும் இதே கதிதான்.

கண்டுபிடிப்பது எளிது. கழுவிய கோப்பையைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். திட்டுத் திட்டாகப் பிரிந்து முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகும் தெரியும்: அடியிலிருந்து மட்டும் சரமாக ஏறினால் அது பொறித்த எழுத்தின் வேலை. பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் அழுக்கு. சுத்தமான கோப்பையில் ஒவ்வொரு வாய்க்கும் சுவரில் ஒரு நுரைவளையம் தங்கும்.

இன்னொன்று, மிக்சரும் வறுத்த கடலையும் தின்றுவிட்டு அந்த எண்ணெய் உதட்டோடு குடித்தால் விளிம்பிலேயே நுரை செத்துவிடும். லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். பழியெல்லாம் பீர்மேல்.

பார்லிப்பித்தன்

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூட மறுக்கமாட்டேன். ஆனால் சுத்தமாகக் கழுவிய டம்ளரும் டம்ளர்தானே.

போட்டி நடுவரைக் கொண்டுவந்தாரே வெறுங்கோப்பை, அதற்கு வருகிறேன். நடுவர் மூன்று நான்கு வாய் குடிப்பார், குறை தேடுவார், அடுத்த குவளைக்குப் போவார். நாம் எழுதுவது முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு பாட்டிலைக் குடித்த அனுபவத்தை. அங்கே கோப்பைக்கு வேலை இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் கோல்ஷ் பீரை 0.2 லிட்டர் கொள்ளும் ஒல்லிக் கோப்பையில்தான் தருவார்கள். சூடாவதற்குள், நுரை இறங்குவதற்குள் தீர்ந்துவிடும், அடுத்தது கேட்காமலே வரும். போதும் என்றால் அட்டையைக் கோப்பை மேல் மூடவேண்டும். அதே கோல்ஷை மியூனிக்கின் ஒரு லிட்டர் குடுவையில் ஊற்றினால் பாதிக்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீர். பிளாஸ்டிக் குவளையில் மூன்று வாய் குடித்தவருக்கு இது தெரிய வழியில்லை.

கெண்ட்காரன்

அளவு பற்றிச் சொன்னது சரி. வடிவம் கையையும் மாற்றுகிறது. 2012இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா அட்வுட் குழுவினர் ஒரே லாகரை நேர்ச்சுவர்க் கோப்பையிலும் வளைந்த கோப்பையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நேர்க் கோப்பையில் குடித்தவர்கள் 60 சதவீதம் மெதுவாகக் குடித்தார்கள். குளிர்பானத்தில் அந்த வித்தியாசம் வரவில்லை. வளைந்த கோப்பையில் பாதி எங்கே என்று கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாததால் வேகம் தெரியாமல் போகிறது என்பது அவர்கள் ஊகம். 8.5 சதவீத டூவெலை அந்த வயிறு பெருத்த கோப்பையில் குடிக்கிறவர்கள் கவனத்தில் வைப்பது நல்லது. மூன்றாவது பீரில் எழுதிய விமர்சனத்தை எந்தக் கோப்பையும் காப்பாற்றாது.

வெறுங்கோப்பை

கோல்ஷுக்கு ஒல்லிக் கோப்பை, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊரில் எந்த ஆலையின் கோல்ஷாக இருந்தாலும் அதே வடிவம்தான், பெயர் மட்டும் மாறும். மறுபடியும் என் பக்கம்தான் வந்து நிற்கிறீர்கள்.

சரி, மாற்று முன்மொழிவு. விமர்சனத்தின் முதல் வரியில் கோப்பையின் வடிவம், கொள்ளளவு, எப்படிக் கழுவியது என்று எழுதவேண்டும். மால்ட்மங்கை சொன்ன தண்ணீர்ச் சோதனை செய்யாமல் நுரைக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது. நேற்றைய விமர்சனம் அப்படியே இருக்கட்டும், "டம்ளர்" என்று குறிப்பு மட்டும் சேரட்டும்.

பார்லிப்பித்தன்

குறிப்பு சேர்ப்பதற்குச் சம்மதம். ஆனால் அந்த இரண்டரை சராசரியில் சேரக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வெறுங்கோப்பை

அப்படியென்றால் சோதித்தே பார்த்துவிடலாம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டூவெல், ஒரே குளிர். ஒன்று உங்கள் டூவெல் கோப்பையில், இன்னொன்று அதே கொள்ளளவில் பெயர் இல்லாத, துலிப் பூ வடிவக் கோப்பையில். ஊற்றுவது வேறொருவர், உங்கள் கண்ணைக் கட்டிவிடுவோம்.

பார்லிப்பித்தன்

கண்ணைக் கட்டினால் நுரையை எப்படிப் பார்ப்பது? தோற்றம் இல்லாமல் என்ன சோதனை?

மால்ட்மங்கை

டூவெல் கோப்பையில் பெயர் இருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டுங்கள், மற்றதிலும் அதே அளவு ஒட்டுங்கள். அடியில் பொறித்த எழுத்து குமிழிலேயே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே இரண்டாவதும் அடியில் பொறித்ததாக இருக்கவேண்டும். கழுவுவது நான், உங்கள் இருவரையும் நம்பமாட்டேன்.

பார்லிப்பித்தன்

சம்மதம். பீர் செலவு வெறுங்கோப்பையுடையது.